சாமய விண்மீனும் சமகிய கோளும்: புத்தளக் கரையிலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லை

2019 டிசெம்பர் 17 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் 112 நாடுகள் தேர்ந்தெடுத்த விண்மீன் பெயர்களையும் கோள் பெயர்களையும் வெளியிட்டது. ஒன்றியத்தின் நூற்றாண்டையொட்டிய ஏற்பாடு அது. நாட்டுக்கு ஒரு விண்மீன், அதைச் சுற்றும் ஒரு கோள் என ஒதுக்கிவிட்டு, பெயரை அந்தந்த நாட்டு மக்களே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அந்த நாட்டிலிருந்து சிறு தொலைநோக்கியாலாவது பார்க்கக்கூடிய விண்மீனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இலங்கையின் பங்குக்கு எச்டி 205739 வந்தது. விண்மீனுக்கு 'சாமய' என்றும் கோளுக்கு 'சமகிய' என்றும் பெயரானது. சிங்களத்தில் முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை.

ஒன்பது நாள் கழித்து, டிசெம்பர் 26 அன்று, யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் வளையச் சூரிய கிரகணம். புத்தளத்தில் அது பகுதிக் கிரகணமாகவே தெரிந்தது. நாடு அந்தப் பரபரப்பில் இருந்தது. சாமயவைப் பற்றிப் பேசியவர்களை நான் அதிகம் காணவில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இந்தக் கட்டுரை கற்பிட்டி முதல் உடப்பு வரையிலான கரையில் நின்று அந்த விண்மீனைப் பார்க்கிறது. இந்தக் கரையை எடுத்துக்கொண்டதற்கு ஊர்ப்பற்று ஒரு காரணம், மறுக்கவில்லை. வேறு காரணங்களும் உண்டு. அவை ஐந்தாம் பகுதியில் வரும். சாமயவைப் பற்றிப் புழங்கும் செய்திகளில் எது அளந்தது, எது அளந்ததிலிருந்து உய்த்தறிந்தது, எது வெறும் பெயர் என்று பிரித்துக் காட்டுவதே நோக்கம். இந்த மூன்றையும் கலந்து எழுதுவது நம்மவர் அறிவியல் கட்டுரைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது.

1. விண்மீன்

*1.1 இருப்பிடம்*

சாமய இருப்பது தென்மீன் மண்டலத்தில். தொலமி வகுத்த 48 மண்டலங்களில் இதுவும் ஒன்று. இலங்கையைத் தப்ரபேன் என்ற பெயரில், உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிதாக வரைபடத்தில் போட்டவரும் அதே தொலமிதான். நம் தீவை அவர் பெரிதாக்கினாலும் தென்மீனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. சின்ன மண்டலம், பிரகாசமான விண்மீன் அதில் ஒன்றே ஒன்று. அதன் பெயர் பொமல்ஹோட்.

இந்தப் பெயரைப் புத்தளத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 'பம் அல்-ஹூத்' என்ற அரபுத் தொடர் ஐரோப்பிய வாய்களில் சிதைந்ததுதான் பொமல்ஹோட். பொருள், மீனின் வாய். யூனுஸ் நபியை விழுங்கிய மீனைக் குர்ஆன் 'ஹூத்' என்றே சொல்கிறது. ஓதல் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொல். 1344இல் பயணி இப்னு பதூதா வந்திறங்கி யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 'பத்தாலா' புத்தளமே என்பது பெரும்பாலோர் கொள்கை. வெள்ளிகளின் உயரத்தை அளந்து கப்பல் ஓட்டிய அரபு மாலுமிகளுக்கு இந்தக் கரை பழகிய கரை. ஆக, தென்மீனின் வாய் இங்கே விருந்தாளியாக வந்த பெயரல்ல.

சாமய இருப்பது மீனின் வாயிலிருந்து மேற்கே, வால் பக்கம். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 31 பாகை 44 கலை. புத்தளத்தின் அகலாங்கு வடக்கு 8 பாகை. கழித்துப் பார்த்தால், தெற்கு அடிவானத்திலிருந்து 50 பாகை உயரத்தில் அது உச்சம் கடக்கிறது. அதே விண்மீன் லண்டனில் 7 பாகைக்கு மேல் ஏறாது. அங்கே புகைக்கும் மூடுபனிக்கும் இடையில் தேட வேண்டியதுதான். நமக்கோ தாராளமான உயரம்.

*1.2 ஒளியும் தொலைவும்*

ஒளிப்பருமன் 8.56. இந்த அளவுகோலில் எண் ஏற ஏற ஒளி குறையும். நல்ல இருட்டில் கூர்மையான கண் காணும் கடைசி எல்லை ஏறக்குறைய 6. அந்தக் கடைசி விண்மீனைவிடவும் சாமய பத்து மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக மங்கல். அதாவது மனிதக் கண் ஒருபோதும் அதைத் தனியே கண்டதில்லை. சங்கப் புலவரும் அரபு மாலுமியும் உடப்புக் கரைவலைக்காரரும் அதன் ஒளியைக் கண்ணில் வாங்கியிருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள்.

தொலைவு ஏறத்தாழ 300 ஒளியாண்டு. இன்றிரவு வந்து சேரும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது கற்பிட்டிக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். 1660களிலும் 70களிலும் அவர்கள் கட்டிய அந்தக் கோட்டை, களப்பு வழியே கண்டி அரசுக்குப் போய்வந்த வாணிபத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தகைய ஒப்பீடுகள் வானியல் கட்டுரைகளில் அலுத்துப்போன சரக்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோட்டை இன்னமும் நிற்கிறது, பார்க்கலாம் என்பதால் இந்த ஒன்றை விட மனமில்லை.

*1.3 வகை*

'எச்டி' என்பது ஹென்றி டிரேப்பர் பெயரிலான விண்மீன் பட்டியலின் சுருக்கம். 1918க்கும் 1924க்கும் இடையில் ஹார்வர்டு வானாய்வகம் வெளியிட்ட அந்தப் பட்டியலில் இரண்டேகால் இலட்சம் விண்மீன்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்தியவர் ஆனி ஜம்ப் கனன் என்ற பெண்மணி. சாமயவுக்கு அங்கே கிடைத்தது ஒரு வரிசை எண். இன்றைய கணிப்பில் அது எப்7 வகை. சூரியனைவிடச் சற்றுச் சூடு. திணிவு சூரியனின் 1.2 மடங்கு, ஆரை 1.3 மடங்கு. வெளியிடும் சக்தி சூரியனைப் போல் இருமடங்குக்கு மேல். இரும்பு முதலிய பார மூலகங்கள் சூரியனில் இருப்பதைவிட அதிகம். இந்தக் கடைசிச் செய்திதான் அதைக் கோள் தேடுவோர் கண்ணில் பட வைத்தது.

2. கோள்

*2.1 கண்ட விதம்*

சமகிய கோளை யாரும் பார்க்கவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளில் வரும் நீலமும் செம்மையுமான வண்ணப் படங்கள் ஓவியர் கைவண்ணம்.

களப்பில் இரவில் நங்கூரமிடாமல் ஒரு வள்ளம் மிதக்கிறது. நடுவில் ஓர் அரிக்கன் விளக்கு. கரையில் நிற்பவருக்கு விளக்கு மட்டுமே தெரியும். வள்ளமும் ஆளும் இருளுக்குள். வள்ளத்துக்குள் ஓர் ஆள் பின்பக்கமிருந்து அணியத்தை நோக்கி நடக்கிறார். அவர் முன்னே நடக்க, வள்ளம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நழுவுகிறது, விளக்கும் நழுவுகிறது. திரும்பி நடந்தால் விளக்கும் திரும்புகிறது. விளக்கு சீராக முன்னும் பின்னும் போய்வந்தால், உள்ளே ஒருவர் உலாத்துகிறார் என்று கரையில் நிற்பவர் சொல்லலாம். எத்தனை நிமிடத்துக்கொரு முறை திரும்புகிறார் என்று சொல்லலாம். விளக்கு நழுவும் அளவை வைத்து ஆள் பாரமா, நோஞ்சானா என்றும் ஊகிக்கலாம். அவருடைய முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

விண்மீனிலும் இதே கணக்குத்தான். கோள் சுற்றும்போது விண்மீனும் சிறு வட்டமடிக்கிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். சாமயவில் இந்த ஆட்டத்தின் வீச்சு செக்கனுக்கு 42 மீற்றர். மணிக்கு 150 கிலோமீற்றர். கொழும்பு-புத்தளம் வீதியில் ஓடும் எந்தப் பஸ்ஸும் எட்டக் கூடாத வேகம், சில சாரதிகள் முயன்றாலும். பூமியில் இது வேகம்தான். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் எழுபது இலட்சத்தில் ஒரு பங்கு. நிறமாலைக் கோடு அத்தனை நுண்மையாகத்தான் நகரும்.

அதை அளக்க, தொலைநோக்கிக்குள் வரும் ஒளியின் பாதையில் அயோடின் ஆவி நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பியை வைக்கிறார்கள். அயோடின் தன்னுடைய ஆயிரக்கணக்கான கோடுகளை அந்த நிறமாலையின் மேலேயே பதித்துவிடும். அந்தக் கோடுகள் அசையாதவை; அவற்றை அளவுகோலாக வைத்து விண்மீனின் கோடுகள் எவ்வளவு அசைந்தன என்று பார்க்கலாம். உப்புப் பொதியில் 'அயோடின் கலந்தது' என்று வாசித்தே வளர்ந்த புத்தளத்தாருக்கு, அதே மூலகம் கோள் தேடவும் உதவுகிறது என்பது ஒரு சின்னச் சந்தோஷம்.

சிலியிலுள்ள லாஸ் கம்பனாஸ் மலையில், 6.5 மீற்றர் ஆடி கொண்ட மகெல்லன் தொலைநோக்கியில் இந்த அளவீடுகள் எடுக்கப்பட்டன. திட்டத்தின் பெயர் என்2கே. 'அடுத்த 2000 விண்மீன்கள்' என்பதன் சுருக்கம். பார மூலகம் மிகுந்த விண்மீன்களுக்குப் பெருங்கோள்கள் அமைவது அதிகம் என்ற அவதானிப்பின் மேல் எழுந்த திட்டம். 2008இல் மெர்சிடீஸ் லோபஸ்-மொராலிஸ் தலைமையிலான குழு முடிவை வெளியிட்டது. எச்டி 154672 என்ற இன்னொரு விண்மீனின் கோளும் அதே கட்டுரையில்தான் அறிமுகமானது.

*2.2 பாதை*

சுற்றுக்காலம் 279.8 நாள். விண்மீனிலிருந்து சராசரித் தூரம் 0.9 வானியல் அலகு. நம் பூமியின் தூரத்தைவிடப் பத்திலொன்று குறைவு. ஆனால் பாதை வட்டமல்ல, நீள்வளையம். மையவகற்சி 0.27. இந்த எண்ணை விரித்துப் பார்த்தால்தான் சுவை தெரியும். கிட்ட வரும்போது 0.65 அலகு: நம் குடும்பத்தில் வெள்ளிக் கோளின் பாதைக்கும் உள்ளே. எட்டப் போகும்போது 1.14: பூமியின் பாதைக்கும் வெளியே. ஒரே 'ஆண்டில்' அது வாங்கும் வெயில் மூன்று மடங்கு கூடிக் குறைகிறது. நம் பருவங்கள் பூமியின் சாய்வால் வருபவை. வடக்கே கோடை என்றால் தெற்கே மாரி. சமகியவில் பாதை கொண்டுவரும் பருவம் கோள் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வரும். இது உய்த்தறிந்த செய்தி, அளந்ததல்ல. ஆனால் நியூட்டனை நம்புகிறவர் இதையும் நம்பியே ஆக வேண்டும்.

*2.3 'குறைந்தபட்சம்' என்ற சொல்*

கோளின் திணிவு வியாழனின் 1.37 மடங்கு என்று எழுதுவார்கள். 'குறைந்தபட்சம்' என்ற சொல்லைச் சேர்க்காமல் எழுதினால் அது பிழை.

மாம்புரிக் காற்றாலைகளை ஒருமுறை நின்று பாருங்கள். நேர் முன்னால் நின்றால் அலகின் நுனி வட்டமடிக்கும்; நம்மை நோக்கி வருவதும் இல்லை, விலகுவதும் இல்லை. பக்கவாட்டில் போய் நின்றால் அதே நுனி கிட்ட வந்து எட்டப் போகும். ஆலையின் வேகம் மாறவில்லை, நாம் நின்ற இடம்தான் மாறியது. நிறமாலை முறை பிடிப்பது வருவதையும் போவதையும் மட்டுமே. சமகியவின் பாதையை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோமா, சாய்வாகவா, நேர் முன்னாலா என்பது அந்த முறைக்குத் தெரியாது. பக்கவாட்டு என்றால் திணிவு 1.37. நேர் முன்னால் தெரியும் நிலையிலிருந்து பாதையின் சாய்வு 30 பாகை என்றால் இருமடங்கு, 2.7. சாய்வு 6 பாகைதான் என்றால் 13 வியாழனாகிவிடும். அந்த நிலையில் அதைக் கோள் என்பதா, கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குறுமீன் என்பதா என்ற வழக்கு எழும். அவ்வளவு நேர் முன்னால் அமைய வாய்ப்பு இருநூறில் ஒன்றளவே; ஆகையால் கோள் என்ற பெயருக்கு ஆபத்தில்லை. ஆனால் '1.37' என்று துல்லியமாக எழுதி வாசகரை ஏமாற்றக் கூடாது.

கோள் விண்மீனின் முகத்தைக் கடந்தால், கிரகணம்போல ஒளி கொஞ்சம் மங்கும்; சாய்வுச் சிக்கலும் தீரும். சமகிய விடயத்தில் அப்படி அமைய வாய்ப்பு நூறில் ஒன்றுக்கும் குறைவு. நேரே படம் பிடிக்கலாமே என்றால், இங்கிருந்து பார்க்க விண்மீனுக்கும் கோளுக்கும் இடைவெளி 20 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்த ஒரு மில்லிமீற்றர் உப்புக்கல் அளவு. அதுவும் கண் கூசும் விளக்குக்குப் பக்கத்தில்.

*2.4 இரண்டாவது ஒன்று*

கண்டுபிடித்தவர்களின் கட்டுரையிலேயே ஒரு குறிப்பு உண்டு. பெயர் சூட்டும் கொண்டாட்டத்தில் அது விழுந்துபோனது. 279.8 நாள் ஆட்டத்தைக் கழித்த பின்னும் விண்மீனின் வேகம் நாளுக்கு 0.0649 மீற்றர்/செக்கன் வீதம் ஒரே திசையில் கூடிக்கொண்டு போகிறது. வருடத்துக்கு 24 மீற்றர்/செக்கன் அளவு. வள்ளத்துக்குள் உலாத்துபவர் ஒருபுறமிருக்க, வள்ளமே மெல்ல இழுபட்டுப் போகிறது என்று வையுங்கள். அடியில் ஏதோ நீரோட்டம் இருக்க வேண்டும். வெளியே, தொலைவில், நெடுங்காலத்துக்கொரு முறை சுற்றும் இன்னொரு பொருள் இருக்கலாம் என்பதே அவர்கள் துணிந்த முடிவு. கோளாக இருக்கலாம், கோளைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

என் மதிப்பில் சாமய குடும்பத்தின் மிகச் சுவையான செய்தி இதுதான். பெயர் வாங்கிய கோளைவிட, பெயரில்லாமல் இழுக்கும் அந்தப் பொருள்.

3. பெயர்

'சாமய' தமிழில் எழுதப்படும்போது குறிலாகித் தேய்வதைப் பார்த்திருக்கிறேன். 'சமய' என்று எழுதினால் தமிழ் வாசகர் அதை மதத்தோடு சேர்த்துவிடுவார். ஒன்றியத்தின் எழுத்திலேயே முதல் உயிருக்கு நெடில் கோடு இருக்கிறது. தமிழிலும் 'சா' என்ற நெடில் வேண்டும். தமிழுக்கு அது முற்றிலும் அந்நியமும் அல்ல. சாம, தான, பேத, தண்டம் என்ற நான்கு உபாயங்களில் முதலாவது ஒலியிலும் பொருளிலும் பக்கத்தில் நிற்கிறது: இன்சொல்லால் இணங்கவைத்தல். இன்னொரு சாமம் இரவின் பங்கு. ஒகஸ்ட் நடுவில் இந்த விண்மீன் உச்சம் கடப்பது நடுச்சாமத்தில் என்பது தற்செயலான பொருத்தம். சொற்பிறப்பு ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'சமகி' என்ற சொல்லை நம் தமிழ்ப் பத்திரிகைகள் 'ஐக்கியம்' என்று பெயர்க்கும். கட்சிப் பெயரில் நாளும் காண்கிறோம். கோளின் பெயரைப் பெயர்க்கக் கூடாது. சமகிய என்றே எழுதி, ஒருமுறை பொருள் சொன்னால் போதும்.

பெயர் இரண்டும் சிங்களம். இரண்டில் ஒன்று தமிழாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. சமாதானம், ஒற்றுமை என்ற பொருளைத் தேர்ந்த பிறகு அது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் இதை இலங்கைக்கு மட்டும் உரிய குறையாகச் சொல்வது நியாயமல்ல. அதே 2019இல் இந்தியா தன் விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக 'பிபா' என்றும், கோளுக்குச் சமஸ்கிருதத்தில் 'சந்தமச' என்றும் வைத்தது. சிங்கப்பூர் இலத்தீனுக்குப் போனது. மலேசியா மலாயில் 'இந்தான்', 'பைதூரி' என்று இரு மணிப் பெயர்களைத் தேர்ந்தது. பைதூரியில் நம் வைடூரியத்தின் சாயல் கேட்கிறது. தமிழ் ஆட்சிமொழியாகவோ பெருவழக்காகவோ உள்ள நான்கு நாடுகள், எட்டுப் பெயர்கள், தமிழ் ஒன்றுமில்லை.

4. அண்டை வீட்டு வழக்கு

பெயரும் பொருளும் எப்படிப் பிரிந்துபோகக்கூடும் என்பதற்கு அதே தென்மீன் மண்டலத்தில் சாட்சி இருக்கிறது. சாமயவின் கோள் வெளிவந்த அதே 2008 நவம்பரில், பொமல்ஹோட்டைச் சுற்றும் ஒரு கோளை ஹபிள் தொலைநோக்கி நேரடியாகவே படம் பிடித்துவிட்டது என்று போல் கலாஸ் குழு அறிவித்தது. 2004, 2006 படங்களில் தூசி வளையத்தின் ஓரம் ஒரு புள்ளி நகர்ந்திருந்தது. உலகமே கொண்டாடியது. 2015இல் ஒன்றியம் நடத்திய பெயர்சூட்டலின் முதற்சுற்றில் அதற்குத் 'தாகோன்' என்ற பெயரும் கிடைத்தது.

பிறகு புள்ளி மங்கத் தொடங்கியது. விரிந்தது. 2014 படங்களில் இல்லை. இரண்டு பனிப்பாறைகள் மோதிச் சிதறிய தூசிப் புகையாகவே அது இருந்திருக்க வேண்டும் என்று அரிசோனா ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். இன்று தாகோன் என்ற பெயர் பட்டியலில் இருக்கிறது. கோள் இல்லை.

படம் பிடித்த கோள் கரைந்துபோனது. யாரும் காணாத கோள் கணக்கில் நிலைத்து நிற்கிறது. கண்ணால் கண்டதே மெய் என்று பேசுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

5. கரையில் காண்பது

சாமயவைப் பார்க்கத் தோதான காலம் ஒகஸ்ட், செப்டெம்பர். செப்டெம்பர் நடுவில் இரவு பத்தேகால் அளவில் உச்சத்தில் நிற்கும். ஒக்டோபர் பிறந்தால் நேரம் இன்னும் வசதி, ஒன்பது மணி. ஆனால் இடைப்பருவ மழை தொடங்கிவிடும். புத்தளத்தில் வானத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் உப்பளம். அளத்தில் உப்பு விளைய மழை பெய்யக் கூடாது, வெயிலும் காற்றும் வேண்டும். உப்பு வாரும் மாதங்களில் பெய்யும் மழை சொற்பம். ஊடே கச்சான் காற்று மேகத்தை ஓட்டிக்கொண்டு வரும், அதையே ஓட்டிக்கொண்டும் போகும். மேல்கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கரைவலைக்காரருக்கு ஓய்வுக் காலம். தோணிகள் மணலில் ஏறியிருக்கும், கரையில் விளக்கும் குறைவு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் பக்கம் போகாமல் தெற்கே விலகி நிற்பது நல்லது.

சென்ற செப்டெம்பரில் உடப்புப் பக்கம் மணலில் மல்லாந்து கிடந்து பைனாகுலரால் தேடினேன். முதலில் பொமல்ஹோட்: தெற்குக்குச் சற்றுக் கிழக்கே, சுற்றுவட்டாரத்தில் துணையில்லாமல் ஒற்றையாக. அதற்கு மேற்கே மங்கலான வெள்ளிகளின் வரிசை. அதில் அயோட்டா எனக் குறிக்கப்படும் நான்காம் பருமன் வெள்ளியைப் பிடித்து, அங்கிருந்து வடமேற்காக இரண்டு பாகை. நீட்டிய கையில் இரண்டு சுண்டுவிரல் அகலம். காற்றுக்குக் கை நடுங்கியது. படத்தோடு ஒப்பிட்டு, மூன்றாம் முறைதான் சரியான புள்ளி என்று உறுதியானது. நிறமில்லை, மினுக்கமில்லை. நேரே பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் வரும்.

தோணி மறைவில் இருந்த முதியவர் ஒருவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். வாங்கிப் பார்த்தார்; ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பித் தந்தார்.

"காணாத வெள்ளிக்கு எதுக்குத் தம்பி பேரு?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது வரவில்லை. இப்போது ஒரு வேண்டுகோளாகச் சொல்கிறேன். புத்தளம் மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் அடுத்த ஒகஸ்ட்டிலோ செப்டெம்பரிலோ, அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பத்துப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிவர வேண்டும். பெரிய கருவி தேவையில்லை. முக்காலியில் நிறுத்திய ஒரு சாதாரணக் கமரா, 50 மில்லிமீற்றர் வில்லை, ஐந்து செக்கன் திறப்பு. இருட்டான இடமென்றால் எட்டாம் பருமன் வெள்ளிகள் படத்தில் விழும். அயோட்டாவுக்கு வடமேற்கே அந்தப் புள்ளியைத் தேடி, படத்தில் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் தமிழில் 'சாமய' என்று நெடிலோடு எழுதி, வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள்.